பெயர் வெளியே வராத பேஸ் கிட்டார் கலைஞர்கள்: நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?

நாலுதந்தி:
வணக்கம். பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டு வருகிறேன். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் ஜாகோ பாஸ்டோரியஸ், கெடி லீ, ஃப்ளீ, விக்டர் வூட்டன் என்று அதே பெயர்கள்தான் வருகின்றன. அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எங்கள் குழுவில் என் வேலை வேறு. பாடுபவருக்குப் பின்னால் நின்று பாட்டைத் தாங்க வேண்டும், தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே இடமே கிடையாது. அந்த வேலையை அருமையாகச் செய்தும் பெரிதாகப் பேசப்படாதவர்கள் யார்? பெயரோடு நிறுத்திவிடாமல், எந்தப் பாட்டில் எந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். எல்லோரும் கேட்கும் பாட்டுகளாக இருக்கட்டும், ஜாஸ் வேண்டாம்.

கிக்டிரம்:
நான் டிரம்ஸ் வாசிப்பவன். என் பக்கத்தில் யார் நின்றால் சந்தோஷம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பெர்னார்ட் எட்வர்ட்ஸ், சிக் குழு. 1979இல் வந்த 'குட் டைம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சுரத்தை மூன்று தடவை அழுத்தமாகப் போடுகிறார், கொஞ்சம் மூச்சு விடுகிறார், அப்புறம் படியேறுகிறார். அந்த மூன்று அடியும் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு விழுவதைக் கவனியுங்கள். அதே பேஸ் வரியை ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கவைத்து, அதன்மேல் சுகர்ஹில் கேங் குழு 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டைக் கட்டியது, அதுவும் அதே வருடம். அடுத்த வருடம் குயீன் குழுவின் ஜான் டீக்கன் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' போட்டார். அதிலும் தொடக்கத்தில் அதே மூன்று அடி. டீக்கன் தங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து போனதை எட்வர்ட்ஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பல கோடிப் பேர் முணுமுணுத்த வரி அது. ஆனாலும் சிக் என்றால் கிட்டார் வாசித்த நைல் ராட்ஜர்ஸ் பெயர்தான் முதலில் வருகிறது. எட்வர்ட்ஸ் 1996இல் டோக்கியோவில் ஒரு கச்சேரி முடிந்த கையோடு காலமாகிவிட்டார்.

மந்தரஸ்தாயி:
நல்ல கேள்வி. இதைக் கேட்க ஆள் வராதா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

நான் சொல்லப்போவது ஒரே பெயர்: ஜோ ஆஸ்பர்ன். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் வாசித்தவர். டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பியானோவில் லாரி நெக்டல், பேஸில் இவர். இந்த மூன்று பேர் சேர்ந்து வாசிக்காத வானொலிப் பாட்டு அன்றைக்குக் குறைவு. கார்பென்டர்ஸ் பாட்டுகளில் நீங்கள் கேட்கும் பேஸ் பெரும்பாலும் இவருடையதுதான். அதற்கு முன்னாலேயே, 1966இல், இவர் வீட்டு கராஜில் இருந்த சின்ன ஸ்டூடியோவில்தான் பதினாறு வயது கேரன் கார்பென்டர் பாடிப் பதிவு செய்தார். பிற்பாடு அந்தக் குரல் உலகம் முழுக்கப் போனபோது அடியில் ஓடிய பேஸும் இவருடையதாகவே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சரி, எங்கே கேட்பது? முதலில் ஃபிஃப்த் டைமென்ஷன் பாடிய 'அக்வேரியஸ் / லெட் த சன்ஷைன் இன்', 1969. முதல் பாதியில் அடக்கமாகப் போகிறார். பாட்டு மாறி 'லெட் த சன்ஷைன் இன்' வரும் இடத்தில் ஆளே மாறிவிடுகிறார். அங்கே பாடகர்கள் திரும்பத் திரும்ப ஒரே வரியைத்தான் பாடுகிறார்கள், கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) அதிகம் நகர்வதில்லை. அப்படி நின்ற இடத்திலேயே சுற்றும் பகுதியை நகர்த்திக்கொண்டு போவது பேஸ்தான். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்று சொல்கிறார், ஆனால் ஒரு இடத்தில்கூடப் பாடுபவர் மேல் ஏறி மிதிப்பதில்லை. குரல் வரி முடிந்து மூச்சு வாங்கும் அந்த அரை நொடியில் மேலே ஏறிவிட்டு, குரல் திரும்பும்போது மூல சுரத்தில் வந்து நிற்கிறார். இந்த ஒன்றை மட்டும் பழகினால் போதும், உங்கள் குழுவில் பாடுபவர் உங்களை விடவே மாட்டார்.

அடுத்தது சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்', 1970. முதல் சரணத்தில் பியானோவும் குரலும் மட்டும்தான். பேஸ் உள்ளே வரும்போது பாட்டின் தரை கீழே இறங்குவது போல ஒரு உணர்வு கிடைக்கும். இதில் ஆஸ்பர்ன் இரண்டு பேஸ் வரிகளை வாசித்திருக்கிறார், ஒன்று கீழே, ஒன்று மேலே. கடைசிச் சரணத்தில் எல்லாம் சேர்ந்து பெரிதாகும்போது, அந்தப் பெருக்கத்தில் பாதி இவரால் வருவது. கவனித்துக் கேட்காவிட்டால் பியானோ, டிரம்ஸ் என்றே நினைத்துக்கொள்வோம்.

அவர் கருவி ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ், 1960இல் கிடைத்தது. அதில் போட்ட, மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் தந்திகளைப் பல வருடங்கள் மாற்றவேயில்லை. விரலால் அல்ல, பிக் என்ற சின்ன வில்லையால் வாசித்தார். பழைய தந்தியில் பிக் படும்போது தொடக்கம் 'டக்' என்று தெளிவாகவும், அதற்குப் பின்னால் வரும் சுரம் உருண்டையாகவும் இருக்கும். பழைய வானொலிப் பெட்டியிலும் கேட்கக்கூடிய பேஸ் அது.

இவ்வளவு செய்தவர் பெயர் ஏன் தெரியவில்லை? காரணம் கேட்பவர்கள் அல்ல. அன்றைய இசைத்தட்டு உறைகளில் பெரும்பாலும் ஸ்டூடியோ கலைஞர்களின் பெயரே போட மாட்டார்கள். மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தவர், பால் மெக்கார்ட்னியே அவரிடமிருந்து கற்றதாகச் சொன்னவர். அவருக்குக்கூட உறையில் பெயர் வந்தது 1971இல், 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான். அதற்குள் பத்து வருடத்துக்கும் மேலாக ஹிட் மேல் ஹிட்டாக வாசித்து முடித்திருந்தார். இது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் விஷயம். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் எல்லோர் பெயரும் அச்சாகிற இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை?

பழைய தட்டு:
ஆஸ்பர்ன் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஊர், அதே ஸ்டூடியோக்கள் என்னும்போது கேரல் கேயை விட்டுவிட முடியாது. அடிப்படையில் அவர் ஜாஸ் கிட்டார் கலைஞர். 1963இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, இவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான ரெக்கார்டிங்குகள். சன்னி அண்ட் ஷெரின் 'த பீட் கோஸ் ஆன்' கேளுங்கள். பாட்டில் கார்டு மாற்றமே கிட்டத்தட்ட இல்லை. இவர் போட்ட அந்தத் துள்ளல் வரிதான் மொத்தப் பாட்டையும் நிற்கவைக்கிறது.

இன்னும் இரண்டு பேர். ஜாக்சன் ஃபைவின் 'ஐ வாண்ட் யூ பேக்', 1969. அந்த பேஸ் வரியை வாசித்தவர் வில்டன் ஃபெல்டர். க்ரூசேடர்ஸ் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் என்றுதான் அவரை உலகம் அறியும்! பல்லவியில் இறங்கி வரும் கார்டுகளுக்கு அடியில் அவர் எடுக்கும் வளைவுகளைப் பாருங்கள், காற்று வாத்தியம் வாசிப்பவர் வாக்கியம் அமைப்பது போலவே இருக்கும்.

மற்றவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்' தொடக்கத்தில் வழுக்கிக்கொண்டு வரும் அந்த ஒலியை மறக்க முடியாது. முதலில் நிற்கவைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் வாசித்துவிட்டு, அதன்மேல் எலெக்ட்ரிக் பேஸில் பத்து சுரம் தள்ளி இன்னொரு வரியைச் சேர்த்தார். இரண்டு கருவிக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யிலும் அவர்தான். 2024இல் காலமானார்.

கிக்டிரம்:
பழைய தட்டு சொன்ன ஃபெல்டர் விஷயம் எனக்குப் புதிது, இப்போதே கேட்கப் போகிறேன். ஜமைக்காவின் ரெக்கே இசையையும் யாராவது சொல்லுங்கள். ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட் பெயர் இல்லாமல் இந்தப் பேச்சு முடியக்கூடாது. பிளைவுட் பலகையும் திரைச்சீலைக் கம்பியும் வைத்துத் தானே ஒரு ஒற்றைத் தந்தி பேஸ் செய்து பழகியவர். பாப் மார்லியின் வெய்லர்ஸ் பாட்டுகளில் டிரம்ஸ் பல இடங்களில் முதல் அடியைக் காலியாக விட்டுவிடும். அந்தக் காலி இடத்தைச் சுற்றி அவர் பேஸ் ஒரு தனி மெட்டாகவே ஓடும். அதைப் பாட்டோடு சேர்க்காமல் தனியாகப் பாடலாம், அவ்வளவு முழுமையானது. தன் பங்குக்கான ராயல்டி கேட்டு அவர் போட்ட வழக்கு 2006இல் லண்டனில் தோற்றுப்போனது.

நாலுதந்தி:
எல்லோருக்கும் நன்றி. 'லெட் த சன்ஷைன் இன்' கேட்டேன். முதலில் போனில் கேட்டபோது நீங்கள் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. ஹெட்போன் மாட்டியதும் திகைத்துப்போனேன். இத்தனை வருடம் இந்தப் பாட்டைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மந்தரஸ்தாயி அண்ணா, ஒரு சந்தேகம். அந்த 'டக்' என்ற ஒலிக்கு ஃப்ளாட்வுண்ட் தந்திதான் வேண்டுமா? என்னிடம் இருப்பது மேற்பரப்பு சொரசொரப்பான ரவுண்ட்வுண்ட்.

மந்தரஸ்தாயி:
போனில் கேட்காததில் ஆச்சரியமில்லை. பேஸின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். போனின் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே போகவே முடியாது. மேலே இருக்கும் துணை அதிர்வுகளை வைத்து மூளையே அடி சுரத்தை ஊகித்துக்கொள்ளும். வரி மெல்லியதாகத் தெரியும், எடை தெரியாது. அந்தக் கால இசைத்தட்டுகளில் வேறு ஒரு சிக்கல். பேஸ் அதிகமானால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளும் என்று பொறியாளர்கள் கொஞ்சம் அடக்கியே வெட்டுவார்கள். அதனால் நல்ல மறுபதிப்பு கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

தந்தியை உடனே மாற்ற வேண்டாம். பிரிட்ஜ் (கருவியின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பான்ஜைச் செருகுங்கள், தந்தியை லேசாகத் தொட்டால் போதும். ஜேமர்சனின் பேஸிலும் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் அப்படி ஒன்று இருந்தது. கேரல் கே தந்தியின் மேல் ஃபெல்ட் துணி வைத்து பிக்கால் வாசித்தார். டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். சுரம் நீளாமல் சீக்கிரம் அடங்கும், அப்போதுதான் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் கவனம் போகும். ஆஸ்பர்ன் பாட்டுகளுக்கு பிக், ஜேமர்சன் பாட்டுகளுக்கு ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அவர் வலது கையில் அந்த ஒற்றை விரலால்தான் எல்லாவற்றையும் வாசித்தார். இரண்டையும் முயன்று பாருங்கள். வேகத்தைக் குறைத்து, முதல் எட்டு பாரை (தாளச் சுற்றை) மட்டும் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பழைய தட்டு:
பதிவு போடும்போது கொஞ்சம் குரலோடு சேர்த்தே போடுங்கள். பேஸை மட்டும் தனியாகக் கேட்டு எதுவும் சொல்ல முடியாது.