நெடுஞ்சாலைக்கு அடியில் மணல் இருந்தால் முழு நீளத்தையும் பலப்படுத்த வேண்டுமா?

நெடுவழி:
நிலநடுக்கத்தில் மண் திரவமாகும் என்று பயந்து, நெடுஞ்சாலை நீளம் முழுக்க மண்ணைச் சோதிக்கத் துளை போட்டு, பாதுகாப்புக் காரணி (மண்ணின் தாங்குதிறனை நிலநடுக்கம் தரும் விசையால் வகுத்த எண்) 1-க்குக் கீழே வந்த இடத்தையெல்லாம் பலப்படுத்தச் சொல்வது பண விரயம். சாலையைத் தாங்கும் மண்கரை ஓர் அடி இறங்கினால் ஜல்லி கொட்டிச் சமன்படுத்தி சீக்கிரமே வண்டி விடலாம்.

ஆற்றுமணல்:
கரை நேராகக் கீழே மட்டும்தான் இறங்கும் என்று யார் சொன்னது? நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும், நடுவிலுள்ள நீருக்கு வெளியேற நேரம் இருக்காது, நீரழுத்தம் ஏறி துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதே நின்றுபோகும். அப்போது ஒரு பாகை சரிவு இருந்தாலே மேல்நிலம் ஆற்றை நோக்கி நகர்ந்து பாலத்தின் அடித்தூண்களைத் தள்ளும். ஜப்பானின் 1964 நீகாட்டா நிலநடுக்கத்தில், திறந்து சில வாரங்களே ஆன ஷோவா பாலத்தின் தளங்கள் வரிசையாக ஆற்றில் விழுந்தன. அதற்கும் ஜல்லிதானா?

நெடுவழி:
பாலத்துக்குச் செலவு செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் கரைக்கு எதற்கு? அதுவும் ஒருமுறை குலுங்கிய மணல் இறுகிவிடும், ஏற்கெனவே திரவமான இடத்தில் ஆபத்து குறைவு.

ஆற்றுமணல்:
அந்தக் கடைசி வரி தப்பு. கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் மணல் கொப்பளித்த தெருக்களிலேயே 2011 பிப்ரவரியிலும் கொப்பளித்தது, ஜூனில் மறுபடியும். மேலே ஏறும் நீர் மேலடுக்கைத் தளர்த்திவிட்டுத்தான் போகிறது.

கூம்பு:
இரண்டு பேரும் கரையா பாலமா என்றே பேசுகிறீர்கள், அந்தப் பாதுகாப்புக் காரணி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதைக் கணக்கிட சீட், இட்ரிஸ் என்ற பொறியாளர்கள் 1971-இல் கொடுத்த முறை, மண் திரவமாகுமா ஆகாதா என்று மட்டும்தான் சொல்லும். நமக்கு வேண்டியது எவ்வளவு நகரும் என்பது. அப்புறம், துளைக்குள் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி அடிகளை எண்ணும் எஸ்பிடி சோதனையில் வழக்கமாக ஒன்றரை மீட்டருக்கு ஓர் எண்தான் கிடைக்கும், இடையில் மெல்லிய மணல் அடுக்கு இருந்தால் தப்பிவிடும். மண்ணின் எதிர்ப்பை அளந்துகொண்டே இறங்கும் சிபிடி கூம்பை அழுத்தி இறக்கினால் தொடர்ச்சியாகத் தெரியும். அதையும் சம இடைவெளியில் இறக்காமல் பழைய ஆற்றுத்தடம், தூர்த்த குளம், பாலத்தின் இரு முனை என்று நெருக்கமாக இறக்க வேண்டும்.

நெடுவழி:
சரி, நகர்வைக் கணக்கிடுங்கள். ஆனால் அதில் இரண்டு மடங்கு பிழை சாதாரணம். 30 செ.மீ. என்று வந்தால் 15-ஆகவும் இருக்கலாம், 60-ஆகவும் இருக்கலாம். இதை நம்பியா கல்தூண் (மண்ணுக்குள் ஜல்லியை இறுக்கி அமைக்கும் தூண்) இறக்கப் பணம் ஒதுக்குவது?

ஆற்றுமணல்:
60 நகர்ந்தால் பாலம் தாங்குமா என்று பார்ப்பேன், தாங்காது என்றால் கல்தூண்தான். வெறும் கரை விஷயத்தில், மாற்றுப்பாதை இருந்தால் உங்கள் ஜல்லியே போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸும் தண்ணீர் லாரியும் அந்த ஒரே சாலையில்தான் வர வேண்டும் என்றால் கரையையும் பலப்படுத்தச் சொல்வேன்.