காலாவதி ஆகாத மைல்: எந்தத் திட்டத்தில் சேருவது?

வானோடி:
மாதம் இரண்டு முறை பறக்கிறேன், பெரும்பாலும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் விமானங்களில். பறக்கப் பறக்க மைல் சேர்த்து இலவச டிக்கெட் வாங்கும் மைலேஜ் திட்டங்களில் எதில் சேரலாம்? "யுனைடெட் மைல் காலாவதி ஆகாது, கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், மற்றதெல்லாம் குப்பை" என்று நண்பர் ஜன்னலோரம் நேற்று எழுதியிருந்தார். சரியா?

கணக்குப்பிள்ளை:
அந்த வரியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கண்ணை மூடச் சொல்கிறவர் கண்ணைத் திறந்து தேதிகளைப் பார்க்கட்டும். 2019 ஆகஸ்டில் யுனைடெட் காலாவதியை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில், தன் சொந்த விமானங்களில் இலவச டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்று காட்டும் அட்டவணையையும் நீக்கிவிட்டது. டெல்டாவும் அப்படித்தான்: 2011இல் காலாவதி போனது, 2015இல் அட்டவணை போனது. மைல் சாகாது, சரி. நாளைக்கு அதே இருக்கைக்கு எத்தனை மைல் கேட்பார்கள்?

ஜன்னலோரம்:
எழுதியவன் நான்தான். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் அட்டவணை இருக்கிறது, ஆனால் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டுதான். இடையில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல் பிழைக்காது. வேறொரு திட்டத்தில், பெயர் வேண்டாம், என் 38,000 மைல்கள் இப்படித்தான் போயின. இரவு கணக்கைத் திறந்து பார்த்தேன், இருந்தன. காலையில் மகளுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். பக்கத்திலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள். காலாவதி ஆன மைலுக்கு மதிப்பு பூஜ்யம். இதற்கு மேல் என்ன கணக்கு?

பெட்டியும் நானும்:
எல்லாக் காலாவதியும் ஒன்றல்லவே. பிரிட்டிஷ் ஏர்வேஸில் மைலுக்குப் பெயர் ஏவியாஸ். அது 36 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் போகும். ஒரு சின்ன வரவோ செலவோ போதும். மாதம் இரண்டு முறை பறப்பவருக்கு அந்தக் கவலையே கிடையாது.

ஜன்னலோரம்:
காலாவதி காலாவதிதான்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, மூன்று ஆண்டாகச் செலவழிக்காமல் பூட்டி வைத்தது யார்? மைல் வைப்பு நிதி அல்ல, வட்டி வராது. சேர்ந்ததும் செலவழிக்க வேண்டும். மறுபடியும் கேட்கிறேன்: நாளைக்கு அதே இருக்கைக்கு எத்தனை மைல்?

ஜன்னலோரம்:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். நீங்கள் பிறப்பதற்கு முன்பே பறக்க ஆரம்பித்தவன் நான். போன ஆண்டு "இதுதான் சிறந்த திட்டம்" என்று நீங்கள் அடித்துச் சொன்ன ஒன்றில் நான்கு பேர் சேர்ந்தோம். ஆறே மாதத்தில் அவர்கள் விதியை மாற்றினார்கள். அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் வந்ததா?

கணக்குப்பிள்ளை:
விதியை மாற்றியது நானா? எந்தத் திட்டமும் எந்த நாளும் மாறும் என்று அன்றே எழுதினேன். பாதி படித்துவிட்டுச் சேர்ந்தால் பழி என் தலையிலா? அந்த நால்வரில் இருவர் மாற்றத்துக்கு முன்பே மைலைச் செலவழித்துவிட்டார்கள். எதனால்? நான் சொன்னதைக் கேட்டதால்.

பெட்டியும் நானும்:
கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். அடிக்கடி பறந்து யுனைடெட்டின் சொந்தத் திட்டத்திலேயே கோல்டு என்ற உயர்தகுதி பெற்ற உறுப்பினர், அமெரிக்க உள்நாட்டுப் பயணம் மட்டும் என்றால் அந்த அட்டையைக் காட்டி யுனைடெட் கிளப் என்ற விமான நிலைய ஓய்வறைக்குள் போக முடியாது. வேறொரு ஸ்டார் நிறுவனத்தின் கோல்டு அட்டை இருந்தால் அதே வாசலில் விடுவார்கள். மைலை விட இதைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஓய்வறையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

பெட்டியும் நானும்:
எந்தத் திட்டம் என்றுதான் கேட்டார். காலாவதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நீங்கள் இருவரும். மாதம் இரண்டு முறை விமான நிலையத்தில் காத்திருப்பவருக்கு உட்கார இடம் முக்கியமில்லையா?

வானோடி:
ஐயா, நான் உள்நாட்டில் பறப்பது குறைவு. அப்படியானால்...

ஜன்னலோரம்:
அப்படியானால் காலாவதி ஆகாததில் சேருங்கள். என் மகளிடம் அன்று நான் சொன்ன பதிலை நீங்கள் யாரிடமும் சொல்ல நேரக்கூடாது.

கணக்குப்பிள்ளை:
மகளைக் காட்டி வாதத்தை வெல்லப் பார்க்காதீர்கள். 38,000 மைல் இன்று உயிரோடு இருந்தாலும் அந்த டிக்கெட் கிடைத்திருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்றாவது முறை கேட்கிறேன். நாளைக்கு அதே இருக்கைக்கு எத்தனை மைல்? எண்ணைச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
பூஜ்யத்தை விட அதிகம் என் கையில் இருக்கும். அது போதும்.

கணக்குப்பிள்ளை:
எண்ணைச் சொல்லுங்கள்.