டோக்கனைச் சரிபார்க்காமல் விட்ட லைப்ரரிகள்: செட்டிநாட்டுப் பக்கம் நாங்கள் கண்டவை

காரைக்குடி, இணையதள வேலை

நம் பக்கத்துப் பழைய வீடுகள் விடுதிகளாக மாறிய வேகத்திலேயே அவற்றுக்கு முன்பதிவுத் தளங்களும் வந்துவிட்டன. பள்ளிக் கட்டணம், நகைச் சேமிப்புத் திட்டம், கண்டாங்கிச் சேலை விற்பனை என எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டது. உள்ளே நுழைந்தவர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள இவற்றில் பல ஜேசன் வெப் டோக்கனைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த டோக்கனைச் சரிபார்க்கும் நிரலை நாம் யாரும் எழுதுவதில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த லைப்ரரியை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம். அந்த லைப்ரரியிலேயே ஓட்டை இருந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். விடுதி, கடை, பள்ளி எதன் பெயரும் வேண்டாம். நான் கண்டதை முதலில் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதி. மாத வருமான அறிக்கைக்குத் தளத்தில் ஒரு பக்கம் சேர்த்துத் தரச் சொன்னார்கள். தளத்தை முதலில் செய்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். லைப்ரரிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், டோக்கனுக்கான லைப்ரரி அந்தத் தளத்தைவிடப் பழையது. முன்பு செய்த ஏதோ ஒரு வேலையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

டோக்கன் என்பது புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள். எந்த அல்காரிதத்தில், அதாவது எந்தக் கணக்கு முறையில், கையொப்பம் போட்டது என்று முதல் துண்டு சொல்லும். வந்திருப்பவர் யார் என்று இரண்டாவது சொல்லும். மூன்றாவதுதான் கையொப்பம்; முதலிரண்டையும் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை. முதலிரண்டும் மறையாக்கம் செய்தவை அல்ல. பிரௌசரை வைத்திருக்கும் எவரும் பிரித்துப் படிக்கலாம். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தளத்தின் நகல் ஒன்றில் சோதித்தேன். அல்காரிதம் என்ற இடத்தில் 'நன்' (none, எதுவும் இல்லை) என்று எழுதினேன். 'விருந்தினர்' என்று இருந்ததை 'மேலாளர்' ஆக்கினேன். கையொப்பத்தை முழுவதும் அழித்துவிட்டேன். கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லாத மொட்டை டோக்கன் அது. அனுப்பியதும் மேலாளர் பக்கம் திறந்துகொண்டது.

அங்கே இருந்தவை அறை வாடகைக் கணக்கு மட்டும் அல்ல. வெளிநாட்டுப் பயணி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அவரது விவரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது எல்லா விடுதிகளுக்கும் தெரியும். அதற்காக வாங்கிய பாஸ்போர்ட், விசா நகல்கள் வரிசையாக இருந்தன. நம் ஊர் வீடுகளைப் பார்க்கக் கடல் கடந்து வந்தவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது புதிய ஓட்டையும் அல்ல. டிம் மெக்லீன் என்ற ஆய்வாளர் 2015 மார்ச் இறுதியிலேயே இதைப் பகிரங்கமாக எழுதிவிட்டார். டோக்கனுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 7519 வெளிவந்தது அதே ஆண்டு மே மாதத்தில். தரம் அச்சேறும் முன்பே குறை வெளியாகிவிட்டது! வேறு வழியில் ஏற்கெனவே உறுதிசெய்த டோக்கன்களுக்காகத்தான் 'நன்' என்ற வசதியை வைத்தார்கள். சில லைப்ரரிகள் அதையும் கையொப்பமிட்ட டோக்கனாகவே எடுத்துக்கொண்டன. பின்னர் அந்தச் சொல்லைத் தடுத்த இடங்களிலும், சிறிய எழுத்துகளில் எழுதினால் மட்டும் தடுத்து, பெரிய எழுத்தைக் கலந்து எழுதினால் விட்டுவிட்டவை உண்டு. தடைப்பட்டியல் போடும் வழியே தவறு என்பேன். எதை ஏற்பது என்று எழுத வேண்டுமே தவிர, எதை மறுப்பது என்று எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

தேவகோட்டை, தற்போது சென்னையில்

அண்ணன் சொன்ன அதே 2015 கட்டுரையின் இரண்டாவது பாதி எனக்கு ஒரு பள்ளியில் எதிர்ப்பட்டது. பள்ளி வாகனம் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி. எந்தக் குழந்தை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பது அதில் இருக்கும். இது வெளியே போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் பயன்படுத்தியது ஆர்எஸ்256. தனிச் சாவியால் கையொப்பம், பொதுச் சாவியால் சரிபார்ப்பு. பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதற்காகத்தான் அது இருக்கிறது. எச்எஸ்256 வேறு வகை. கையொப்பமிடவும் சரிபார்க்கவும் அதில் ஒரே ரகசியம். பழைய லைப்ரரியின் சரிபார்ப்புச் செயற்கூறு இரண்டு பொருள்களை மட்டுமே கேட்கும்: டோக்கன், சாவி. எந்த அல்காரிதம் என்பதை டோக்கனிலிருந்தே படித்துக்கொள்ளும். ஓட்டை இங்கேதான். டோக்கனில் எச்எஸ்256 என்று எழுதி, ஊரறிந்த பொதுச் சாவியையே ரகசியமாக வைத்துக் கையொப்பமிட்டால், சர்வரும் அதே பொதுச் சாவியை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்திவிடும். சாவிக் கோப்பின் கடைசியில் இருக்கும் வரிமுறிவுகூட அப்படியே இருக்க வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் பொருந்தாது. அவ்வளவுதான் இந்தத் தாக்குதலில் இருக்கும் சிரமம். நோட், அதாவது சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள், பக்கம் பலரும் பயன்படுத்தும் ஜேசன்வெப்டோக்கன் லைப்ரரியில் இது 4.2.2 பதிப்புக்கு முன்பு வரை இருந்தது. வெளியான ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்ணான சிவிஇ-யில் இது சிவிஇ-2015-9235; அதைத் தேடினால் விவரம் கிடைக்கும்.

பள்ளி நிர்வாகத்திடம் சொன்னபோது, "செயலி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்டார்கள். என் பக்கத்தில் அமரவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே சோதனைக் கணக்கு ஒன்றை நிர்வாகிக் கணக்காக மாற்றிக் காட்டினேன். அதன் பிறகு மறுபேச்சு இல்லை. லைப்ரரியை மேம்படுத்தி, ஆர்எஸ்256 தவிர வேறு எதையும் ஏற்காதே என்று எங்கள் நிரலிலேயே எழுதி வைத்தோம். 2020 பிப்ரவரியில் வந்த, டோக்கன்களுக்கான வழிகாட்டு ஆவணமான ஆர்எஃப்சி 8725 கேட்பதும் இதைத்தான்.

பள்ளத்தூர், வங்கிப் பணியில் ஓய்வுபெற்றவர்

தம்பிமார்கள் எழுதுவதில் பாதிதான் எனக்குப் பிடிபடுகிறது. ஆனால் என் மகன் சொன்ன ஒன்று நன்றாகவே புரிந்தது. நோட்-ஜோஸ் என்று ஒரு லைப்ரரியாம். டோக்கனுக்குள்ளேயே சரிபார்க்கும் சாவியையும் வைத்து அனுப்பலாமாம்; லைப்ரரி அந்தச் சாவியை எடுத்தே கையொப்பத்தைச் சரிபார்த்துவிடுமாம். 2018-இல் கண்டுபிடித்து 0.11.0 பதிப்பில் திருத்தினார்களாம்.

வங்கியில் மாதிரிக் கையொப்ப அட்டை என்று ஒன்று உண்டு. அது வங்கியின் பெட்டிக்குள் இருக்கும். காசோலை கொண்டுவருபவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாதிரி அட்டையையும் எடுத்து நீட்டி, "இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் எந்த எழுத்தராவது பணம் கொடுப்பாரா? 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கதவு திறந்த பகுதி இது. கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த பாதுகாப்பு கணினிக்குத் தெரியவில்லை என்றால் மனம் ஒப்பவில்லை.

காரைக்குடி, கணினி ஆசிரியை

ஐயா, உங்கள் உதாரணத்தை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன்.

நான் பைத்தான் கற்றுத்தருகிறேன். மாணவர்கள் பயிற்சிப் பக்கங்களில் உள்ள நிரலை எடுத்தே திட்டப்பணி செய்கிறார்கள்; பிறகு அதுவே உள்ளூர்க் கடை ஒன்றின் தளமாகவும் ஆகிவிடுகிறது. பைத்தானில் தளம் கட்ட உதவும் ஃபாஸ்ட்ஏபிஐயின் ஆவணத்தில் நெடுநாள் உதாரணமாக இருந்தது பைத்தான்-ஜோஸ் லைப்ரரி. அதற்கு 2021-இல் 3.3.0 பதிப்பு வந்தபின் ஆண்டுக்கணக்கில் புதிய பதிப்பே வரவில்லை. 2024-இல் அதில் சாவியைக் குழப்பும் அதே பழைய வகை ஓட்டை வெளியானது, சிவிஇ-2024-33663. திருத்திய பதிப்பு வந்தது 2025-இல். இதற்கிடையே ஆவணத்தின் உதாரணம் பைஜேடபிள்யூடி என்ற வேறு லைப்ரரிக்கு மாறிவிட்டது. ஏற்கெனவே எடுத்து ஒட்டியவர்களிடம் யார் போய்ச் சொல்வது? என் பழைய மாணவர்களின் கைப்பேசி எண்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரையும் அழைத்தேன். சிலருக்குத் தாங்கள் எந்த லைப்ரரியைப் போட்டோம் என்பதே நினைவில் இல்லை.

பைஜேடபிள்யூடி 2.0 பதிப்பிலிருந்து, ஏற்கும் அல்காரிதங்களை நாமே குறிப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் டோக்கனைத் திறக்கவே மறுத்துவிடும். லைப்ரரி எழுதுபவர்கள் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பாதுகாப்பான வழியை இயல்பாக வைத்துவிட்டால், ஆவணத்தைப் படிக்காத பிள்ளையும் தப்பித்துக்கொள்வான். அதற்காக அந்த லைப்ரரியும் என்றென்றைக்கும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் அதிலும் ஒன்று வந்து 2.4.0-இல் சரிசெய்தார்கள்.

இன்னொன்று, லைப்ரரியின் தவறே இல்லாதது. ஒரு சேலைக் கடைத் தளம். லைப்ரரி புதிது, அல்காரிதம் எச்எஸ்256, எல்லாம் ஒழுங்கு. ரகசியம் மட்டும் கடையின் பெயரோடு ஓர் ஆண்டைச் சேர்த்து எழுதியது. எச்எஸ்256-க்குக் குறைந்தது 256 பிட் நீளச் சாவி வேண்டும் என்று ஆர்எஃப்சி 7518 என்ற தர ஆவணமே சொல்கிறது. ஒரே ஒரு டோக்கன் கையில் கிடைத்தால் போதும், சர்வரைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்தபடியே ரகசியத்தை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உரிமையாளர் சம்மதத்தோடு சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஓட்டினோம். தேநீர் ஆறுவதற்குள் ரகசியம் திரையில் வந்து நின்றது. கடைக்கார ஆச்சியின் முகம் மாறிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை. அன்றே புதிய ரகசியம் போட்டோம். பழைய டோக்கன்கள் எல்லாம் செல்லாமல் போய், வாடிக்கையாளர்கள் மறுபடியும் உள்நுழைய வேண்டியிருந்தது. ஒருவர்கூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கோட்டையூர், தற்போது சிங்கப்பூரில்

சுருக்கமாக ஒன்று. 2022 ஏப்ரல். லைப்ரரிக்கும் கீழே, ஜாவாவிலேயே ஓட்டை. ஈசிடிஎஸ்ஏ என்பதும் தனிச் சாவி, பொதுச் சாவி கொண்ட ஒரு கையொப்ப முறை; அந்தக் கையொப்பத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்கக் கூடாது என்ற முதல் சோதனையே ஜாவா 15 முதல் 18 வரை விடுபட்டிருந்தது. பூஜ்யம் பூஜ்யமாகக் கையொப்பம் அனுப்பினால் எந்தச் செய்திக்கும், எந்தச் சாவிக்கும் செல்லும். நீல் மேடன் கண்டுபிடித்தார், எண் சிவிஇ-2022-21449. பழைய நிரலை வேறு மொழியில் திரும்ப எழுதியபோது நேர்ந்த விடுதல் அது. எங்கள் குழு விடிய விடிய ஜாவா பதிப்புகளை மாற்றியது. லைப்ரரிப் பட்டியலை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் அது எதன் மேல் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

காரைக்குடி, இணையதள வேலை

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சேர்க்கிறேன். எச்சரிக்கை வந்த உடனே பதறவும் கூடாது. 2023 ஜனவரியில் ஜேசன்வெப்டோக்கன் லைப்ரரியில் சர்வரையே கைப்பற்றும் ஓட்டை என்று பெரிதாகச் செய்தி வந்தது, சிவிஇ-2022-23529. தாக்குபவர் கையில் சர்வரின் ரகசிய அமைப்பே ஏற்கெனவே இருந்தால்தான் அது நடக்கும் என்று பலரும் எடுத்துச் சொன்னபின் அந்த எண்ணைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே அறிவிப்பை முழுவதும் படியுங்கள். யாருக்கு, எந்த நிலையில் ஆபத்து என்று பாருங்கள். அதற்காக 9.0.0-க்கு மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பதிப்பில் வேறு திருத்தங்களும் இருக்கின்றன.

ஆத்தங்குடி, கல் பட்டறை

நான் கணினி ஆள் இல்லை. எங்கள் பட்டறைக்கு ஆர்டர் எடுக்கத் தளம் செய்து கொடுத்த பையன் துபாயில் இருக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

காரைக்குடி, இணையதள வேலை

அண்ணே, அந்தத் தம்பியிடம் முதலில் சர்வரின் கடவுச்சொல்லையும் மூல நிரலின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் தளத்துக்கானவை. கேட்பதில் சங்கடமே இல்லை. பிறகு, டோக்கனுக்கு எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த அல்காரிதத்தை மட்டும் ஏற்கும்படி எழுதியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நோட் என்றால், ஓட்டை உள்ள லைப்ரரிகளைப் பட்டியலிடும் 'என்பிஎம் ஆடிட்' கட்டளையை ஓட்டி அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பட்டும். பைத்தான் என்றால் 'பிப்-ஆடிட்'. இனிமேல் யாரிடம் வேலை கொடுத்தாலும், லைப்ரரிகளை மேம்படுத்தித் தருவதற்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தளம் செய்யும் தொகையிலேயே அதையும் அடக்கிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் அனுப்பியதை எனக்குத் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் வரை வருகிறேன். அப்படியே ஆத்தங்குடி வந்து உங்களோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.