சென்சரி இன்டக்ரேஷன்: ஒருங்கிணைப்பா, இணைவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொடுதல், அசைவு போன்ற புலன் செய்திகளை நரம்பு மண்டலம் ஒழுங்குபடுத்திப் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் சென்சரி இன்டக்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகள் இரண்டு: உணர்வு ஒருங்கிணைப்பு, புலன் ஒருங்கிணைப்பு. நான் 'புலனிணைவு' என்பதை முன்வைக்கிறேன். இது பாடநூலோடு நிற்கப்போகும் சொல் இல்லை, பெற்றோர் கையில் போய்ச் சேரும் சொல். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'உணர்வு' வேண்டாம். "உங்கள் பிள்ளைக்கு உணர்வு ஒருங்கிணைப்பில் சிக்கல்" என்று ஒரு தாயிடம் சொன்னால், கோபம், அழுகை, பாசம் இவற்றைப் பற்றிய பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவதோ வேறு. சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உரசுவதைத் தாங்க முடியாமல் சட்டையையே கழற்றி எறியும் பிள்ளை. எவ்வளவு அழுத்துவது என்று கைக்குப் பிடிபடாமல் தாள் கிழியும்வரை பென்சிலை அழுத்தும் பிள்ளை. இவை புலன் சார்ந்த சிக்கல்கள்.

சரி, புலன் என்றால் ஐந்துதானே என்று கேட்கலாம். இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஜீன் அயர்ஸ் தொடுபுலனோடு சேர்த்து அழுத்திச் சொன்ன இரண்டும் அந்த ஐந்துக்கு வெளியேதான் இருக்கின்றன. உள்காதின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய இரு பைகளும் தலையின் அசைவையும் புவியீர்ப்பையும் அறிகின்றன. தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றில் இருக்கும் ஏற்பிகள் கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அது இந்தப் புலனால்தான். முன்னதைச் சமநிலைப் புலன் என்றும், பின்னதை அங்கநிலைப் புலன் என்றும் சொல்லலாம். பின்னதற்கு 'மெய்யறிபுலன்' என்ற யோசனையும் வந்தது. ஆனால் மெய், வாய், கண், மூக்கு, செவி என்ற வரிசையில் மெய் ஏற்கெனவே தொடுதலுக்கு உரியது. குழப்பம் வரும்.

இனி முக்கியமான இடம். தமிழில் இணைந்தால் இணைவு, இணைத்தால் இணைப்பு. தன்வினை, பிறவினை வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது. அயர்ஸ் 1972இல் நூலாக எழுதிய கோட்பாட்டின்படி, புலன் செய்திகளைப் பயன்பாட்டுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்துவது நரம்பு மண்டலம். சிகிச்சையாளர் ஊஞ்சலையும் வலையையும் மெத்தையையும் அமைத்துத் தருகிறார், எட்டிவிடக்கூடிய அளவில் ஒரு சவாலை வைக்கிறார். ஏறுவதும் தொங்குவதும் விழாமல் சமாளிப்பதும் பிள்ளையின் வேலை. வெளியிலிருந்து யாரும் எதையும் இணைத்துவிடுவதில்லை. ஆகவே சிகிச்சையின் பெயரும் 'புலனிணைவுச் சிகிச்சை' என்றே இருக்கட்டும். 'ஒருங்கிணைப்பு' கோ-ஆர்டினேஷனுக்கும் வழங்குவதால், கை-கண் ஒருங்கிணைப்பு என்று அதே அறிக்கையில் எழுதும்போது இரண்டும் மோதும்.

நரம்பியல் பக்கம் ஒரு எச்சரிக்கை. வெவ்வேறு புலன்களின் செய்திகள் மூளையில் ஒன்றுசேர்வதை ஆய்வாளர்கள் 'மல்ட்டிசென்சரி இன்டக்ரேஷன்' என்று சொல்வது இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் இதுவே அல்ல. பேரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும் பூனைகளின் நடுமூளையில் சுப்பீரியர் கொலிகுலஸ் என்ற பகுதியை ஆராய்ந்தார்கள். ஒளியும் ஒலியும் ஒரே இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும்போது, அங்குள்ள நரம்பணு சிலவேளை, அவை தனித்தனியே வரும்போது காட்டும் துடிப்புகளின் கூட்டுத்தொகையைவிடவும் அதிகமாகத் துடிப்பதைக் கண்டார்கள். பிறந்த குட்டிகளிடம் இந்தத் திறன் இல்லை. அனுபவத்தால்தான் வளர்கிறது, இருட்டிலேயே வளர்த்த பூனைகளிடம் அது சரியாக அமைவதில்லை. அயர்ஸின் எண்ணத்துக்கு இது வலுச் சேர்ப்பது உண்மை. ஆனால் ஒரு நரம்பணுவின் துடிப்பும் ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரும் விதமும் ஒன்றல்ல. எனவே இதற்குப் 'பல்புலன் இணைவு' என்று தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ஆய்வகத்தில் நிறுவப்பட்டதெல்லாம் சிகிச்சைக்கும் நிறுவப்பட்டதுபோல் வாசகருக்குத் தோன்றிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல், புலன் செயலாக்கக் குறைபாட்டை (இத்தகைய புலன் சிக்கல்களுக்கு வைக்கப்படும் பெயர்) தனி நோயறிதலாகப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், இந்தச் சிகிச்சைக்கான சான்றுகள் குறைவு என்றும் சொன்னது. பெற்றோருக்கு அந்த வேறுபாடு தெரிவது நியாயம்.

அடுத்து 'சென்சரி மாடுலேஷன்', அதாவது புலன் தூண்டலுக்கு ஏற்ற அளவில் எதிர்வினை காட்டுவது. இயற்பியல் பாடநூலில் மாடுலேஷனுக்குப் பண்பேற்றம் என்று இருக்கிறது. அது அலைகளுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. 'மட்டுப்படுத்தல்' குறைப்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் பிள்ளையும் உண்டு, பெயர் சொல்லிப் பலமுறை அழைத்தும் திரும்பாத பிள்ளையும் உண்டு. 'புலன் அளவமைவு' இரு பக்கமும் செல்லும் என்று நினைக்கிறேன். 'பிராக்சிஸ்' என்பதற்கு எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. புதிய செயல் ஒன்றை மனதில் கண்டு, திட்டமிட்டு, உடலால் செய்து முடிப்பது வரை மூன்றும் அதில் அடங்க வேண்டும். 'செயல் திட்டமிடல்' நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்கிறது. இலங்கை வழக்கு அறிந்தவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.