ஆர்வோ பார்ட்: இவ்வளவு எளிய இசையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

வைகைக்கரை கேட்டது:

ஒரு ஆவணப்படத்தின் பின்னணியில் பியானோவும் வயலினும் மட்டும் வரும் ஒரு துண்டைக் கேட்டுவிட்டுத் தேடிப் பிடித்தேன். எஸ்தோனியாக்காரர் ஆர்வோ பார்ட் 1978இல் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' என்று தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் அதுதான் ஓடுகிறது. பியானோ மூன்று மூன்று ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கிறது, வயலின் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன் என்கிறது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. என் அறைத்தோழன் மேற்கத்திய சாஸ்திரீய இசை ஓரளவு படித்தவன். "இது மசாஜ் நிலையத்தில் போடுகிற சமாச்சாரம்டா, ஒரு சின்னப் பையன்கூட எழுதிவிடுவான்" என்று சிரிக்கிறான். ஆனால் உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களில் உலக மேடைகளில் அதிகம் இசைக்கப்படுபவர் என்று பல வருடம் இவர் பெயர்தான் முதலில் வந்திருக்கிறது. எனக்குக் கர்நாடக இசை கேட்டுப் பழக்கம், மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இதில் அப்படி என்ன இருக்கிறது, அடுத்து எதைக் கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழம்பூ எழுதியது:

எனக்குப் பிடித்தவர்! தம்புரா போட்டு உட்கார்ந்தால் மனசு அடங்குமே, அந்த மாதிரிதான் இதுவும். ஆராய்ச்சி எல்லாம் எதற்கு, இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்து 'ஃபூர் அலினா'. வெறும் பியானோ, ஸ்கோர் (எழுதிவைத்த இசைக்குறிப்பு) மொத்தமே இரண்டு பக்கம்தான்.

ஒற்றைக்கட்டை எழுதியது:

தம்புரா உவமை எல்லாவற்றுக்கும் சரிப்படாது. 'ஃப்ராத்ரெஸ்' (1977) என்ற படைப்புக்கு அப்படியே பொருந்தும், அதில் அடியில் ஸ-ப இரண்டும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நிற்காமல் ஒலிக்கும். நீங்கள் கேட்ட துண்டில் நடப்பது வேறு.

கர்நாடகம் கேட்டவர் என்பதால் ஸ்வரத்திலேயே சொல்கிறேன். அது எஃப் மேஜர், நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். வயலினுக்கு வீடு ஸட்ஜம் இல்லை, காந்தாரம். முதலில் கீழிருந்து ரி-க. அப்புறம் அதையே கண்ணாடியில் பார்த்தது போல மேலிருந்து ம-க. இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்வரம் கூடிக்கொண்டே போகும், எவ்வளவு தூரம் போனாலும் காந்தாரத்துக்குத்தான் திரும்பி வரும். தலைப்புக்கே 'கண்ணாடிக்குள் கண்ணாடி' என்றுதான் பொருள். பியானோவின் மூன்று மூன்று ஸ்வரம் பெரும்பாலும் ஸ-க-ப என்ற மூன்றுக்குள் சுற்றி, மெட்டின் ஸ்வரத்தையும் உடன் அழைத்துப் போகும்.

இப்படி எழுதும் முறைக்கு பார்ட் டின்டினாபுலி என்று பெயர் வைத்தார், மணியோசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு குரல். ஒன்று படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டு. இன்னொன்று மூன்று ஸ்வரத்தை விட்டு வெளியே போகாதது, ஆனால் தம்புரா போலத் தன்பாட்டுக்கு ஒலிக்காமல், மெட்டு எந்த ஸ்வரத்தில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் இருப்பதை விதிப்படி எடுத்துக்கொள்ளும். எந்த இடத்தில் எது வரவேண்டும் என்பது கிட்டத்தட்ட கணக்குதான். அவர் மனைவி நோரா இதை 'ஒன்றும் ஒன்றும் ஒன்று' என்று சொன்னதாக அவரே சொல்வார். இந்த விதிகளோடு முதலில் வந்தது 1976இல் எழுதிய அந்த 'ஃபூர் அலினா'தான். இடது கைக்கு முழுக்க பி மைனரின் மூன்று ஸ்வரம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் விதியை மீறி, அந்த மூன்றில் இல்லாத சி ஷார்ப் வரும். அங்கே கையெழுத்துப் பிரதியில் ஒரு சின்னப் பூ வரைந்திருக்கிறார். சின்னப் பையன் எழுதினால் அந்தப் பூவை எங்கே போடுவது என்று தெரியாது, உங்கள் தோழனிடம் சொல்லுங்கள்.

பழைய வால்வு ரேடியோ எழுதியது:

தம்பி, எளிமை என்று சொல்வதற்கு முன்னால் அந்த மனிதர் எங்கிருந்து அங்கே வந்தார் என்று பார்க்க வேண்டும். 1935இல் பைதேவில் பிறந்து ராக்வெரேயில் வளர்ந்தவர். வீட்டுப் பியானோவில் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்ததால் இரண்டு ஓரத்துக் கட்டைகளை வைத்தே தட்டிப் பார்த்துப் பழகியவர். ஊர்ச் சதுக்கத்தில் ஒலிபெருக்கியில் சிம்பொனி ஓடும்போது அதைக் கேட்பதற்காகவே சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவாராம், இப்போது அங்கே சைக்கிளோடு நிற்கும் பையன் சிலையே வைத்திருக்கிறார்கள். தாலினில் ஹெய்னோ எல்லரிடம் படித்துக்கொண்டே எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்தார், வருமானத்துக்குப் பிற்பாடும் திரைப்படங்களுக்கு எழுதினார்.

இவர் தொடங்கியது தூக்க இசையில் இல்லை. 1960இல் 'நெக்ரோலாக்', அப்போது சோவியத் பிடியில் இருந்த எஸ்தோனியாவில் பன்னிரு ஸ்வர முறையில் (பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் சம இடம், ஆதார ஸ்வரம் என்று ஒன்று கிடையாது) வந்த முதல் வாத்தியக்குழுப் படைப்பு. மேற்கத்தியச் சீரழிவு என்று மேலிடத்தில் திட்டு வாங்கினார். 1968இல் 'கிரேதோ', நேமே யார்வி நடத்த தாலினில் அரங்கேறியது. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூட் என்ற சின்னத் துண்டை எடுத்து, நடுவில் அதைச் சின்னாபின்னமாக்கி, வாத்தியக்குழு முழுக்கக் கூச்சல் போட்டு, கடைசியில் அதே பிரெலூடுக்குத் திரும்புவார். சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், 'இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன்' என்று லத்தீனில் கோரஸ் பாடியதை சோவியத் அதிகாரிகளால் விழுங்க முடியவில்லை. படைப்பு முடக்கப்பட்டது.

அதற்குப் பிறகு 1976 வரை 1971இல் ஒரு மூன்றாம் சிம்பொனியைத் தவிரப் பெரிதாக எதுவும் வெளியே வரவில்லை. கிரெகோரியன் சான்ட் என்ற பழைய ஒற்றைக் குரல் சர்ச் பாட்டு, இடைக்காலப் பல்குரல் இசை என்று அடியிலிருந்து திரும்பப் படித்து, பக்கம் பக்கமாக ஒற்றைக் குரல் மெட்டு எழுதிப் பழகினார். கையில் பன்னிரு ஸ்வரமும் இருந்து, கூட்டமும் கைதட்டிக்கொண்டிருந்த ஆள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று ஸ்வரத்துக்கு வந்து நின்றார். எழுதத் தெரியாதவன் குறைவாக எழுதுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நீ அடுத்துக் கேட்க வேண்டியது 'கான்டுஸ்', ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்த செய்தியைத் தொடர்ந்து 1977இல் எழுதியது. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும்தான். ஏ மைனரில் இறங்கும் ஸ்வரவரிசையை எல்லோரும் வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வாத்தியமும் முந்தையதைவிட இரண்டு மடங்கு மெதுவாக. முதல் வயலினுக்கும் டபுள் பாஸுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம். நம் ஆட்கள் காலம் குறைத்துப் பாடுவார்களே, ஐந்து காலத்தையும் ஒரே நேரத்தில் அடுக்கினால் வருவது இது. காதுக்கு எட்டாத சத்தத்தில் தொடங்கி ஆறேழு நிமிடத்தில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். கடைசியில் தந்திகள் உச்சத்தில் இருக்கும்போதே மணியை மெதுவாகத் தட்டிவிடுவார்கள், யாருக்கும் கேட்காது. தந்திகள் சட்டென்று நின்றதும்தான் மணி ஒலித்துக்கொண்டிருந்ததே தெரியும். இதை மசாஜ் நிலையத்தில் போட்டால் வாடிக்கையாளர் எழுந்து ஓடிவிடுவார்.

இன்னொன்று. 1980இல் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகும்போது ப்ரெஸ்ட் என்ற சோவியத் எல்லை ரயில் நிலையத்தில் காவலர்கள் பெட்டிகளைத் திறந்தால் ஸ்கோரும் இசைத்தட்டும் ஒலிநாடாவும்தான். போட்டுக் காட்டு என்றிருக்கிறார்கள். அந்த நிலையத்தில் ஓடியது இதே 'கான்டுஸ்'தான். கேட்டுவிட்டு நட்பாகவே நடந்துகொண்டார்களாம்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, இப்போதுதான் 'கான்டுஸ்' கேட்டேன். தோழனுக்கும் போட்டேன், முதலில் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "சரி, இது வேற" என்றான். மேற்கே போன பிறகு என்ன எழுதினார்? அதையும் வரிசையாகக் கேட்கலாமா?

ஒற்றைக்கட்டை எழுதியது:

வியன்னா, பிறகு 1981இலிருந்து பெர்லின். முக்கால்வாசி கோரஸும் சர்ச் சார்ந்த படைப்புகளும்தான். 1972லேயே ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்துவிட்டவர். உலகம் அவரைக் கேட்டது 1984இல் வந்த 'தபுலா ராசா' இசைத்தட்டு வழியாக. அதை வெளியிட்ட இசிஎம் இசைத்தட்டு நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐஷர் கார் ரேடியோவில் இதைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரம்கட்டினார் என்பது பிரபலமான கதை. தலைப்புப் படைப்பில் இரண்டு வயலின், தந்திக்குழு, அப்புறம் கம்பிகளுக்கு நடுவில் திருகாணி செருகிய பியானோ. அந்தப் பதிவில் பியானோவில் உட்கார்ந்திருப்பது இன்னொரு பெயர்பெற்ற சோவியத் இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே.

2010இல் எஸ்தோனியாவுக்கே திரும்பிவிட்டார். லாவுலாஸ்மாவில் காட்டுக்குள் அவர் பெயரில் ஒரு மையம் 2018இல் திறந்தார்கள், அந்தப் பழைய நோட்டுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அங்கேதான் இருக்கின்றன.

பிற்காலப் படைப்புகள் எல்லாமே ஒரே தரம் என்று சொல்லமாட்டேன், சிலது விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். அதனால் வரிசையாகக் கேட்காதீர்கள். இந்த வாரம் 'தபுலா ராசா' முழுக்க, இரண்டு பாகமும். முதல் பாகம் உங்கள் தோழனுக்கு, வேகம் இருக்கிறது. 1982இன் 'பாசியோ' எழுபது நிமிடம், யோவான் நற்செய்தியில் இயேசுவின் பாடுகளை லத்தீனில் பாடுவது. அதைப் பிறகு, கையில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு கேளுங்கள். வார்த்தை புரியாமல் கேட்டால் பாதியில் எழுந்துவிடுவீர்கள்.