மூன்றரை வயது மகளுடன் பைக்கில் திருவனந்தபுரம் வரை: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஆடி மாதக் கடைசியில், பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்தில் உள்ள என் அக்காள் வீட்டுக்கு மகளைப் பைக்கில் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பேருந்தில் ஏறினாலே அவளுக்கு வாந்தி வந்துவிடுகிறது. ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் பைக்கில் செல்லலாம் என்பதால், மனைவி பைகளுடன் பேருந்தில் வருகிறார்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரின் தோளோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அந்த வேகத்தில், ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஓட்டும் நேரம் மட்டுமே நான்கு மணி நேரமாகும். டேங்க் மேல் உட்கார வைக்க எனக்குத் துளியும் மனமில்லை. திடீரெனப் பிரேக் பிடித்தால் முதலில் அடிபடுவது குழந்தைதான்.

என் பெரிய கவலை தூக்கம். அரை மணி நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவாள். பட்டை உடலைத் தாங்கினாலும், தலைக்கவசத்தின் கனத்தில் கழுத்து சாய்வதை முதுகுப் பக்கம் இருக்கும் குழந்தையிடம் நான் எப்படி அறிவது? அடுத்தது காற்று. காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் ஆடிக்காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளும்.

குழந்தையோடு இவ்வழியே சென்றவர்கள், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தினீர்கள், அந்தக் கணவாயை எந்த நேரத்தில் கடந்தீர்கள், சிறு தலைக்குப் பொருந்தும் கவசமும் பட்டையும் திருநெல்வேலியில் எங்கே கிடைத்தன என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வேண்டாம் என்பதே உங்கள் கருத்தானால், அதையும் காரணத்துடன் எழுதுங்கள்.