கிளை மாறல, வேர் மட்டும் இடம் மாறுது: டிபாமிட் பல்லி ட்ரீயில அவுட்குரூப் சிக்கல்

பல்லிப்பித்தன்:
கால் இல்லாம மண்ணுக்குள்ளயே வாழுற டிபாமிட் பல்லிங்களை வச்சு, யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற பரிணாம ட்ரீ போட்டுட்டு இருக்கேன், கூட கெக்கோ, அரணை, ஓணான், பாம்பு எல்லாம் இருக்கு. கோழியை அவுட்குரூப்பா (ட்ரீயோட வேர் எங்கன்னு காட்ட வெளிய இருந்து சேர்க்கற தூரத்து சொந்தம்) வச்சா டிபாமிட் தனியா முதல்ல பிரியுது. துவாட்டராவை (பல்லி மாதிரியே இருக்கற நியூசிலாந்து ஊர்வன) வச்சா டிபாமிட்டும் கெக்கோவும் ஜோடியா பிரியுது. ரூட்டை, அதாவது வேரை, எடுத்துட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே ட்ரீதான்! பூட்ஸ்ட்ராப் (டேட்டாவை மாத்தி மாத்தி எடுத்து ஓட்டினா அதே கிளை நூத்துக்கு எத்தனை தடவை வருதுங்கற நம்பர்) ரெண்டுலயும் 90க்கு மேல. மைட்டோகாண்ட்ரியா ஜீன் மட்டும்தான் எடுத்தேன். எதை நம்புறது?

நீளக்கிளை:
பூட்ஸ்ட்ராப் நம்பரை இதுல நம்பாதீங்க, தப்பையும் அது அடிச்சு சொல்லும். பல்லி வம்சத்துல இருந்து கோழி வம்சம் பிரிஞ்சு சுமார் 28 கோடி வருஷம், துவாட்டரா பிரிஞ்சு சுமார் 25 கோடி, அதனால துவாட்டராவும் ஒண்ணும் பக்கத்து வீடு இல்ல. அதோட சொந்தக்காரங்க எல்லாம் அழிஞ்சு போய் நியூசிலாந்துல அது ஒண்ணுதான் மிச்சம், நடுவுல நிறுத்தி அந்த நீளமான கிளையை ரெண்டா உடைக்க வேற உயிரினமே கிடையாது, ஃபாசில் இருக்கு ஆனா அதுல டிஎன்ஏ எடுக்க முடியாது. ஒரே ஆறுதல், 2020ல வந்த ஜீனோம்படி துவாட்டரா டிஎன்ஏ பல்லி பாம்பை விட மெதுவா மாறியிருக்கு.

இவ்ளோ காலத்துல கோடானோட (ஜீன்ல மூணு மூணா சேர்ந்து வர்ற டிஎன்ஏ எழுத்து) மூணாவது எழுத்து திரும்பத் திரும்ப மாறி பழைய தடயமே அழிஞ்சிருக்கும். இருக்கிறது நாலே எழுத்து, அதனால ரெண்டு நீளக் கிளையில (நிறைய மாற்றம் சேர்ந்த கிளை) தற்செயலா ஒரே எழுத்து வந்து நிக்கும், ப்ரோகிராம் அதை உறவுன்னு எடுத்துக்கும். மூணாவது எழுத்தைத் தூக்கிட்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் அவுட்குரூப் இடத்துல சும்மா ரேண்டமா ஒரு சீக்வன்ஸை (டிஎன்ஏ எழுத்து வரிசை) போடுங்க, அதுவும் அதே இடத்துல போய் ஒட்டுச்சுன்னா உங்க கோழி ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம்.

ஆமையோடு:
உடம்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னும் சேர்த்துக்கறேன். மண்டையோட்டுல கண்ணுக்குப் பின்னாடி நெற்றிப்பொட்டு ஓட்டை இல்லைன்னு ஆமையை ஊர்வன ட்ரீயோட அடியிலயே வச்சிருந்தாங்க, டிஎன்ஏ கொண்டு போய் முதலை, பறவை பக்கம் உட்கார வச்சிருச்சு. ஓணான் கூட்டமும் அப்படித்தான், உடலமைப்புல அடியில இருந்தது ஜீன்ல பாம்பு பக்கம் போயிருச்சு. முடிஞ்சா ஜம்பிங் ஜீன் (டிஎன்ஏக்குள்ள புது இடத்துல போய் புகுந்துக்கற துண்டு) புகுந்த இடங்களைத் தேடுங்க. புகுந்தது திரும்ப சுத்தமா வெளிய போறது ரொம்ப அபூர்வம், அதனால இல்லாததுதான் பழைய நிலை, எது முன்னாடி எது பின்னாடின்னு அதுவே திசை காட்டும்.

பல்லிப்பித்தன்:
ரேண்டம் சீக்வன்ஸ் போட்டேன்... நேரா டிபாமிட் கிளையில போய் ஒட்டுச்சு 😅 இருக்கறதுலயே நீளமான கிளை அதுதான். அப்போ கோழி அவுட், துவாட்டரா சொன்னதுதான் சரியா?

நீளக்கிளை:
அவசரப்படாதீங்க. கோழி சாட்சி செல்லாதுன்னு மட்டும்தான் தெரிஞ்சது, அது சொன்னது பொய்னு இல்ல. நிறைய ஜீன் எடுத்துப் பண்ணின ஆய்வுலயே இந்த ரெண்டு பதிலும் மாறி மாறி வந்திருக்கு. நியூக்ளியர் ஜீன் (செல்லோட உட்கருவுல இருக்கற ஜீன்) சேர்த்து, துவாட்டரா, கோழி, முதலை, ஆமை நாலையும் ஒண்ணா வச்சு ஓட்டுங்க, ரிசல்ட்டை இங்கயே போடுங்க.